நவீன சித்திரகுப்தன்

தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள புறநகர்களிலும் வசிக்கும் நேயர்களிடம் "ஓ.எம்.ஆர். எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், அவர்கள் நம்மைக் கிழக்கே போகும் பஸ் ஒன்றில் ஏற்றிவிடுவார்கள். மேடவாக்கம் வழியாகவோ வேளச்சேரி வழியாகவோ அந்த பஸ் போய்ப் பழைய மாமல்லபுரம் சாலையில் நம்மைக் கொண்டு சேர்க்கும். அந்தச் சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று சர்க்கார் பெயர் சூட்டிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆயினும் ஜனங்கள் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் மூன்றையும் விடுவதாயில்லை.

அதே கேள்வியை, அதே வீட்டில், சர்க்கார் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதத் தயாராகிக் கொண்டிருக்கும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அவள் சாலையைக் காட்ட மாட்டாள். மேஜை மேலிருந்து ஒரு மாதிரித் தாளை எடுத்து நீட்டுவாள். அதில் வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு வட்டங்கள் அச்சிட்டிருக்கும். சரியான விடைக்குரிய வட்டத்தைப் பேனாவினால் கறுப்பாக்க வேண்டியது அவள் வேலை; கறுத்த வட்டத்தை ஒளியினால் கண்டுபிடித்து மார்க்குப் போட வேண்டியது ஒரு யந்திரத்தின் வேலை. ஒளியைக் கொண்டு குறியைப் படிப்பது என்பதே இந்த ஓ.எம்.ஆரின் பொருள்.

எமதர்மனின் கணக்கர் சித்திரகுப்தனுக்குக் காஞ்சிபுரத்தில் தனிக் கோயில் உண்டு. அவர் ஜீவராசிகளின் பாவ புண்ணியங்களை ஒன்று விடாமல் எழுதி வைக்கிறார் என்பது நம்பிக்கை. நம் காலத்துப் பிள்ளைகளின் தலைவிதியை எழுதும் இந்தக் காகித சித்திரகுப்தன் எங்கே பிறந்தது, எப்படிப் படிக்கிறது, அதன் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் குடும்பத்தில் உள்ளவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

பதினெட்டு லட்சம் தாள்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வு நடத்தும் நாளன்று காலையில் தாம்பரம் ரயிலடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 1931-ம் ஆண்டில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல் இந்த ஸ்டேஷன் கூட்டத்துக்குப் பழகியது. ஆனால் பரீட்சைக் கூட்டம் ஒரு தனி ரகம். அதில் சத்தம் இராது. ஒவ்வொருவர் கையிலும் நுழைவுச் சீட்டு இருக்கும். சட்டைப் பையில் ஒன்றுக்கு இரண்டாகக் கறுப்புப் பேனாக்கள் இருக்கும். கைக்குழந்தையைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழையும் தாய்மார்களையும், வயது வரம்பு முடிவதற்குள் இன்னும் ஒரு முறை என்று வந்திருக்கும் முப்பது வயதுக்காரர்களையும் அங்கே காணலாம். கிராம நிர்வாக அதிகாரி, இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய உத்தியோகங்களுக்காக நடப்பது இந்தப் பரீட்சை. உலகத்தை ஆளும் பதவிகள் அல்ல இவை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிச்சயம் ஒரு குடும்பத்துக்கு எத்தகைய பாக்கியம் என்பதை மத்தியதர வகுப்பினருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2022-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி நடந்த தேர்வுக்குத் தொடக்கத்தில் அறிவித்த இடங்கள் 7,301. எழுதினவர்கள் 18 லட்சத்துக்கு மேல். ஆக, ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 250 பேர்! கேள்விகள் 200. எனவே படிக்க வேண்டிய விடைகள் 36 கோடி. ஒரு விடைத்தாளை மூன்று நிமிஷத்தில் ஓர் உபாத்தியாயர் திருத்திவிடுவார் என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும் வருஷத்துக்கு 300 நாளும் உழைக்கும் 100 உபாத்தியாயர்களுக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். அப்போதும் மாலை நேரத்துக் களைப்பு ஒருவரிடம் ஒரு மார்க்கையாவது பறிக்காமல் இராது. பரீட்சை எழுதினவர்களின் தொகை இப்படிப் பெருகின பிறகு யந்திரம் வந்தே தீர வேண்டியிருந்தது. யந்திரத்தை வைத்துக்கொண்டும் அந்தத் தேர்வின் முடிவு 2023-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதிதான் வெளியாயிற்று.

குறும்புக்காரப் பையனும் பென்சிலும்

இந்த யந்திரத்தின் கதை ஒரு குறும்பிலிருந்து ஆரம்பமாகிறது. அமெரிக்காவில் ரெனால்ட் ஜான்ஸன் என்று ஒரு பையன் இருந்தான். தன் தமக்கைமாரைப் பார்க்க வரும் வாலிபர்களின் மோட்டார் வண்டிகளிடம் அவனுக்கு ஒரு விளையாட்டு. எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக்கின் வெளிப்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுவான். பென்சிலில் உள்ள கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும். ஆகையால் மின்சாரம் பொறி தட்ட வேண்டிய இடத்தை விட்டுக் கோட்டின் வழியே ஓடிப்போய்விடும், வண்டி கிளம்பாது. மாப்பிள்ளைப் பையன்கள் விழிப்பதை இவன் மறைவில் நின்று ரசிப்பான்.

பிற்காலத்தில் ஜான்ஸன் மிச்சிகன் மாகாணத்தில் ஹைஸ்கூல் உபாத்தியாயர் ஆனார். விடைத்தாள் திருத்தும் தலைவலியைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 'பென்சில் கோடு மின்சாரத்தைக் கடத்துமானால், சரியான இடத்தில் கோடு இருக்கிறதா என்று மின்சாரத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாமே!' என்ற யோசனை அவருக்கு உதித்தது. 1934-ம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனி அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டது. 1938-ல் அந்தக் கம்பெனியின் '805' என்னும் பரீட்சை யந்திரம் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் ஜான்ஸனின் தலைமையில்தான் 1956-ல் கம்ப்யூட்டருக்கான முதல் வட்டத்தகட்டு நினைவகம் உருவாயிற்று. மோட்டாரை நிறுத்திய அதே மூளை எத்தனை காரியங்களை ஓட வைத்தது, பாருங்கள்!

ஆனால் ஜான்ஸனின் யந்திரம் தாளைத் தொட்டுப் பார்த்த யந்திரம். மின்சாரக் கம்பி தாளின் மேல் படிய வேண்டும். தாளைத் தொடாமல், ஒளியைப் பாய்ச்சிக் குறியைப் பார்க்கும் வித்தையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் ஐயோவா சர்வகலாசாலைப் பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட். 1955-ல் அவருடைய குழுவினர் அமைத்த யந்திரம் அங்கே வேலை செய்யத் தொடங்கிற்று. பள்ளிப் பிள்ளைகளின் அறிவை அளக்கும் தேர்வுகளை லட்சக்கணக்கில் நடத்தியவர் அவர். ஆகவே தம் தேவைக்காகவே தாம் யந்திரம் செய்துகொண்டார் என்று சொல்லலாம். தேவை உள்ளவனே கருவி செய்கிறான் என்பதற்கு இது நல்ல உதாரணம். இதைப் பிறகு நினைவுபடுத்துவோம்.

அது எப்படிப் படிக்கிறது?

விடைத்தாளின் ஓரத்தைக் கவனித்தால், தண்டவாளத்தின் கீழே கட்டைகள் பதித்திருப்பது போல், சம தூரத்தில் கறுப்புக் கட்டைகள் அச்சாகியிருப்பது தெரியும். அவற்றை அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டாம். தாள் யந்திரத்துக்குள் ஓடும்போது, ஒவ்வொரு கட்டையும் கடக்கும் தருணத்தில், 'இப்போது இந்த வரிசையைப் பார்' என்று யந்திரத்துக்கு உத்தரவு கிடைக்கிறது. அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒளி விழுகிறது. வெள்ளைக் காகிதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுத்த வட்டம் விழுங்கிக் கொள்ளும். திரும்பி வரும் ஒளி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் 'இங்கே குறி இருக்கிறது' என்று முடிவாகிறது. யந்திரத்தின் படிப்பு முழுவதும் இவ்வளவே. அதற்கு எழுத்துத் தெரியாது; கேள்வி தெரியாது; விடையும் தெரியாது. வெளிச்சம் வருகிறதா, வரவில்லையா என்பது ஒன்றுதான் தெரியும்.

'இதற்குப் பென்சில் வேண்டுமா, பேனா வேண்டுமா?' என்பது பல வீடுகளில் நடக்கும் தர்க்கம். இரண்டு கட்சியும் ஒரு காலத்தில் சரியே. பழைய யந்திரங்கள் பல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு பார்த்தன. பென்சிலின் கரி அந்த ஒளியை விழுங்கும். பேனா மைகள் பலவற்றில் அது ஊடுருவிப் போய்விடும். மனிதன் கண்ணுக்குக் கறுப்பாக இருந்த வட்டம் யந்திரத்தின் கண்ணுக்கு வெறும் தாளாகவே தோன்றும். அதனால் 'பென்சிலால் மட்டும்' என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் படிக்கும் யந்திரங்கள் வந்த பிறகு பந்துமுனைப் பேனா செல்லுபடியாயிற்று. பென்சில் குறியை அழிக்கலாம், பேனாக் குறியை அழிக்க முடியாது என்பதும் பேனாவுக்கு ஆதரவான நியாயம். தேர்வாணையத்தின் இப்போதைய உத்தரவு கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா என்பது.

பல தாள்களில் வட்டங்கள் இளஞ்சிவப்பாக அச்சிட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. சிவப்புக் கண்ணாடி வழியே பார்க்கிறவனுக்குச் சிவப்பு எழுத்துத் தெரியாது அல்லவா? அதே போல், சிவப்பு ஒளியில் படிக்கும் யந்திரத்துக்கு அச்சிட்ட வட்டம் தெரியாமல், நாம் வைத்த கறுப்புக் குறி மட்டும் தெரிகிறது. தாள் சாதாரணக் காகிதத்தைவிடத் தடிப்பாக இருப்பதற்கும், 'மடிக்காதே, கசக்காதே' என்று எச்சரிப்பதற்கும் காரணம், ஓரத்துக் கட்டைகள் இம்மியளவு விலகினாலும் பார்வை பக்கத்து வட்டத்துக்குப் போய்விடக் கூடும் என்பதே.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த வித்தையின் சூட்சுமம் இருக்கிறது. எல்லையைத் தாழ்த்தினால் பேனா தவறிப் பட்ட புள்ளிகூட விடையாகிவிடும். உயர்த்தினால் பயந்துகொண்டே பாதி நிரப்பிய வட்டம் விடுபட்டுவிடும். ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் கறுத்திருந்தால் யந்திரம் வாதப் பிரதிவாதம் கேட்காது. விடை இல்லை என்று தள்ளிவிடும். ஆகையால் வட்டம் முழுவதையும் ஒரே சீராக நிரப்புவது பரீட்சை எழுதுகிறவர் தம் விடைக்குச் செய்துகொள்ளும் காப்பு.

யந்திரம் செய்தவர்கள்

இந்த யந்திரங்களைச் செய்த கம்பெனிகளின் சரித்திரம் ஒரு ஜமீன் கைமாறிய கதையைப் போன்றது. லிண்ட்குவிஸ்டின் அளவை நிலையத்தை 1968-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி வாங்கிற்று. 1983-ல் அது நேஷனல் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியின் வசம் வந்தது. அந்தக் கம்பெனியை 2000-ம் ஆண்டில் இங்கிலாந்தின் புத்தகக் கம்பெனியாகிய பியர்ஸன் வாங்கிற்று. பியர்ஸன் தேர்வுத் தொழிலை வைத்துக்கொண்டு, யந்திரப் பகுதியை 2008-ல் விற்றது. வாங்கினவர்கள் ஸ்கான்ட்ரான் கம்பெனியின் சொந்தக்காரர்கள்.

ஸ்கான்ட்ரான் 1972-ல் மைக்கேல் ஸொகொல்ஸ்கி என்பவர் கலிபோர்னியாவில் ஆரம்பித்த கம்பெனி. அவருடைய சாமர்த்தியம் யந்திரத்தில் பாதி, வியாபாரத்தில் பாதி. சிறிய பள்ளிக்கூடம்கூட வைத்துக்கொள்ளும்படியான சிறு யந்திரத்தைச் செய்தார். யந்திரத்தைச் சுலபமாகக் கொடுத்துவிட்டு, அதற்குப் பொருத்தமான தாளைத் தம்மிடமே வாங்கும்படி செய்தார். அடுப்பை மலிவாகக் கொடுத்துவிட்டு விறகுக்கு விலை வைப்பது போன்ற காரியம் இது! அமெரிக்க மாணவர்கள் விடைத்தாளையே 'ஸ்கான்ட்ரான்' என்று அழைக்கும் அளவுக்கு அந்த வியாபாரம் பலித்தது. இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகரத்து டி.ஆர்.எஸ். கம்பெனியும், போட்டோக்காரர்கள் ஒளியை அளக்கும் கருவிகளால் பெயர் பெற்ற ஜப்பானின் செகோனிக் கம்பெனியும் இதே தொழிலில் ஈடுபட்டன. ஒளியை அளக்கத் தெரிந்தவனுக்கு வட்டத்தைப் படிப்பது பெரிய வித்தையா?

நாம் தொடக்கத்தில் சொன்ன சாலை இங்கேதான் கதைக்குள் வருகிறது. ஐயோவாவின் சொத்தை எட்டு வருஷ காலம் முழுவதுமாக வைத்திருந்த பியர்ஸன் கம்பெனியின் இந்தியக் கிளை வெளியிட்ட பள்ளிப் புத்தகங்களின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், பதிவு அலுவலகத்தின் விலாசமாகத் தரமணி, ராஜீவ் காந்தி சாலை என்று அச்சாகியிருக்கக் காணலாம். ஒரு ஓ.எம்.ஆர். மற்றோர் ஓ.எம்.ஆரைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது!

இது வெறும் சிலேடை அன்று. விசேஷமான யந்திரத்தின் யுகம் இப்போது மாறிவிட்டது. சாதாரண ஸ்கானர் ஒன்று தாளைப் படம் பிடித்தால் போதும். படத்தின் மூலைகளில் உள்ள அடையாளங்களைக் கொண்டு தாள் சாய்ந்திருந்தாலும் நிமிர்த்தி, எந்த வட்டம் கறுத்தது என்று கம்ப்யூட்டரின் நிரலே சொல்லிவிடும். தரமணியிலிருந்து சிறுசேரி வரையில் அந்தச் சாலையின் இருமருங்கிலும் உலகத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் நிரல் எழுதிக் கொடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த நிரல் சிரமமான காரியம் அன்று. ஐயோவாப் பேராசிரியர் தம் தேவைக்குத் தாமே யந்திரம் செய்துகொண்டார் என்று முன்பு சொன்னோம். ஒரே நாளில் 18 லட்சம் பேருக்குப் பரீட்சை வைக்கும் நாட்டின் தேவையைவிடப் பெரிய தேவை உலகத்தில் யாருக்கு இருக்கப் போகிறது? வட்டத்தைப் படிக்கும் கருவிக்காகப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இனி இல்லை. நமக்கு இன்று உள்ள குறை வேறு.

மறையும் மை

2019-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி நான்காம் தொகுதித் தேர்வு நடந்தது. முடிவு வெளியானபோது பரீட்சை எழுதினவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். மாநிலத்தில் முதல் நூறு இடங்களைப் பெற்றவர்களில் கிட்டத்தட்ட நாற்பது பேர் ராமநாதபுரம் ஜில்லாவில் ராமேசுவரம், கீழக்கரை என்ற இரண்டே மையங்களில் எழுதினவர்கள்! அவர்களில் பலர் அந்த ஜில்லாக்காரர்களும் அல்லர். ராமநாதசுவாமியின் கிருபை இப்படி ஒரே பரீட்சையில் வந்து குவியுமா என்று ஜனங்கள் கேட்டார்கள்.

விசாரணையில் வெளிவந்த விவரம் துப்பறியும் நாவலைத் தோற்கடிப்பது. சில மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும் மையினால் சிலர் வட்டங்களை நிரப்பியிருக்கிறார்கள். விடைத்தாள்கள் ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு வரும் வழியில், வெறுமையாகிவிட்ட அந்தத் தாள்களை எடுத்துச் சரியான விடைகளை நிரப்பி மறுபடியும் கட்டில் சேர்த்திருக்கிறார்கள். 2020-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தேர்வாணையம் 99 பேரை ஆயுள் முழுவதும் தன் தேர்வுகளை எழுதக் கூடாது என்று தள்ளிவைத்தது. குற்றப் புலனாய்வுப் போலீசார் வழக்குத் தொடுத்துப் பலரைக் கைது செய்தார்கள்.

இதில் யந்திரம் செய்த பிழை என்ன? ஒன்றுமில்லை. கறுத்த வட்டத்தைக் கறுத்தது என்றே சொல்லிற்று. யார் கறுப்பாக்கினார், பள்ளிக்கூடத்து பெஞ்சியிலா, சாலையில் நின்ற வண்டியிலா என்று கேட்க அதற்கு வாய் இல்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்னதாக, 2017 செப்டம்பரில், பாலிடெக்னிக் விரிவுரையாளர் பதவிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய பரீட்சையில் வேறு விதமாக மோசம் நடந்தது. அங்கே தாள் பத்திரமாக இருந்தது. யந்திரமும் ஒழுங்காகவே படித்தது. படித்த பிறகு, மார்க்கு பட்டியலாக மாறும் வழியில் எண்கள் மாறின. 196 பேரின் மார்க்குகள் தாளில் இருந்ததற்கு மேல் கூடியிருந்தன. விடைத்தாளின் படங்களைப் பகிரங்கமாக வெளியிட்டதனால் தாளும் பட்டியலும் ஒத்துப் போகவில்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் பரீட்சை முழுவதுமே ரத்தாயிற்று. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதிய பரீட்சை அது. யோக்கியமாகப் படித்து எழுதினவர்களும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

வங்காளத்தில் நடந்தது இவற்றைவிடக் கொடியது. அங்கே 2016-ல் தொடங்கிய பள்ளி ஆசிரியர், ஊழியர் தேர்வில் விடைத்தாள் மோசடி நிரூபணமாயிற்று. ஆனால் மூலத் தாள்களை முன்னமே அழித்துவிட்டிருந்தார்கள். யோக்கியன் யார், அயோக்கியன் யார் என்று பிரித்துப் பார்க்கத் தாளே இல்லை. முடிவில் 2025-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஏறக்குறைய 26,000 நியமனங்களை ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்தார்கள். பல வருஷம் வகுப்பில் நின்று பாடம் சொன்ன உபாத்தியாயர்கள் ஒரே நாளில் வீதிக்கு வந்தார்கள். கடன் வாங்கி வீடு கட்டினவர்கள், பெண்ணுக்குக் கலியாணம் நிச்சயித்தவர்கள் எத்தனை பேர் அவர்களில் இருந்திருப்பார்கள்! திருடியவர்களோடு திருடாதவர்களும் தண்டனை அடைந்ததற்குக் காரணம், கணக்குப் புஸ்தகத்தை எரித்துவிட்டதுதான்.

விரித்த உள்ளங்கை

மூன்று கதைகளிலும் ஒரே பாடம் இருக்கிறது. முதலாவதில் தாள் யந்திரத்துக்கு வரும் வழியில் மோசம்; இரண்டாவதில் யந்திரத்திலிருந்து பட்டியலுக்குப் போகும் வழியில் மோசம்; மூன்றாவதில் தாளைக் காப்பாற்றி வைக்காத மோசம். வழியை யார் பார்த்துக்கொள்வது என்பதே பிரச்னை. அதற்கு விடை தேடி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டைத் தாண்டி உத்தரமேரூருக்குப் போனால் போதும்.

அந்த ஊர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 என்ற ஆண்டுகளைச் சேர்ந்த அவை கிராம சபைக்குக் குடவோலை முறையில் அங்கத்தினரைத் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளைச் சொல்லுகின்றன. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கி நிறுத்துவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும் என்பது விதி. அதை அவன் வாசிப்பான். அவனோடு விடாமல், அங்கே இருக்கும் மற்ற நம்பிமாரும் ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் ஏற்கப்படும்.

ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் இவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறார்கள்! விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருப்பானோ என்ற சந்தேகத்துக்கு ஐந்து விரலை விரிப்பது பரிகாரம். படிப்பவன் பெயரை மாற்றிப் படிப்பானோ என்ற சந்தேகத்துக்கு எல்லோரும் படிப்பது பரிகாரம். மறையும் மைக்கும் மாறும் பட்டியலுக்கும் வேண்டிய வைத்தியம் இந்த இரண்டுதான். முன்பு கணக்குக் காட்டத் தவறினவர்களும், அவர்களுடைய உறவினரும்கூட, குடவோலைக்குத் தகுதி அற்றவர்கள் என்பது அதே கல்வெட்டில் கண்ட விதி.

2020-க்குப் பிறகு தேர்வாணையம் செய்த மாறுதல்கள் இந்த வழியிலேயே போகின்றன. விடை தெரியாத கேள்விக்கு வட்டத்தை வெறுமையாக விடாமல், 'தெரியாது' என்பதற்கான ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். ஆகவே பின்னால் வந்து நிரப்புவதற்கு வெற்றிடமே இராது. ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை வட்டம் நிரப்பினோம் என்று எண்ணிக் கடைசியில் தொகையை எழுத வேண்டும். விடைத்தாளில் பெருவிரல் ரேகையும் பதிக்க வேண்டும். 200 கேள்விக்கு ஐந்தைந்தாக ஆயிரம் வட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இந்த எண்ணிக்கையையும் செய்வது இளைஞர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கை அவர்களுடைய உழைப்புக்கு அவர்களே போடும் பூட்டு. அதன் அருமையை அவர்கள் உணர வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே விடைகளின் நகல் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். எல்லாத் தேர்வுகளிலும், யந்திரம் எடுத்த விடைத்தாளின் படமும், சரியான விடைகளின் பட்டியலும், மார்க்கும் ஒருங்கே வெளியாக வேண்டும். நியமனங்கள் முடிந்து, வழக்குகள் தீர்ந்து, சந்தேகத்துக்கு இடமில்லை என்று ஆகும் வரையில் மூலத் தாளை ஒருவரும் தொடக் கூடாது. யந்திரத்தை ஓட்டும் வேலையைத் தனியார் கம்பெனிக்குக் குத்தகை விட்டாலும், பட்டியலை ஒத்துப் பார்க்கும் வேலையைக் குத்தகை விடக் கூடாது. இவை எல்லாம் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளையோ பெண்ணோ பரீட்சை எழுதிவிட்டு வந்தால், 'எத்தனை மார்க்கு வரும்?' என்று வாசலிலேயே வழி மறிக்காமல், முதலில் கை கால் அலம்பிச் சாப்பிட விடுங்கள். பிறகு, விடைத்தாளின் படம் வெளியாகும் நாளில், குடும்பத்தோடு உட்கார்ந்து வரி வரியாக ஒத்துப் பாருங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்கட்டும். 2017-ல் நடந்த மோசடி தாளையும் மார்க்கையும் ஒத்துப் பார்த்ததனால் வெளிவந்தது. 2019-ல் நடந்தது பட்டியலைக் கவனித்துப் படித்ததனால் வெளிவந்தது. அந்த விழிப்பு லட்சக்கணக்கான வீடுகளில் இருந்துவிட்டால், ராமநாதபுரத்துச் சாலையில் தாள் வண்டியை நிறுத்துவதற்கு இன்னொருவனுக்குத் துணிவு வராது.